சீனாவில் எம்.பி.பி.எஸ்: பட்டம் கையில் இருந்தும் டாக்டர் ஆக முடியாதது ஏன்?

போரூரில் தொடங்கி பூந்தமல்லி வழியாகத் தண்டலம் வரை பைக்கில் ஒரு ரவுண்டு போனால் போதும். ராமச்சந்திரா, மாதா, ஏ.சி.எஸ்., பனிமலர், சவீதா என்று வழியிலும் வழியை ஒட்டியும் வரிசையாக மருத்துவக் கல்லூரிகள். இந்தியாவில் இவ்வளவு நெருக்கமாக மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் பகுதிகள் குறைவு. ஆனால், இதே பகுதியின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் டாக்டர் கனவோடு +2 முடிக்கும் பிள்ளைகள் வூஹானுக்கும் சிங்டாவுக்கும் விமானம் ஏறுவது ஏன்?

அங்கே போய்ப் படித்துப் பட்டமும் வாங்கிய பிறகு, ஊரில் ஸ்டெதஸ்கோப்பை மாட்ட இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? கிளம்பும் முன் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி இது. 2020-ல் கொரோனாவால் சீனாவிலிருந்து திரும்பிய மாணவர்களுக்கு நேர்ந்தது, இந்தக் கேள்விக்கான பதிலைக் காட்டுகிறது. அவர்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது.

மார்க் இருக்கு, சீட் இல்லை

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழகத்தில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் நீட் எழுதுகிறார்கள். 2024-ல் 'தகுதி' பெற்றவர்கள் மட்டும் 89 ஆயிரத்துக்கும் மேல். மாநிலத்தில் இருக்கும் மொத்த எம்.பி.பி.எஸ். இடங்களோ அரசு, தனியார் எல்லாம் சேர்த்தே சுமார் 12 ஆயிரம்தான்.

நீட்டில் 'தகுதி' என்பதற்கும் 'சீட்' என்பதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. 2025 நீட்டில் பொதுப் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 113. இந்த மார்க்கை வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரிக் கவுன்சலிங் பக்கமே போக முடியாது. ஆனால், 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்க நீட் கட்டாயம் ஆகிவிட்டதால், அதே மார்க் வெளிநாட்டுக் கதவைத் திறக்கும் சாவி ஆகிறது.

இடையில் இருப்பது பணம். தமிழகத் தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 13 லட்சம் ரூபாய்க்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தையும் தாண்டும். ஆவடி டேங்க் ஃபேக்டரி ஊழியர் வீட்டிலோ, அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர் வீட்டிலோ இது நடக்கிற காரியம் இல்லை.

சீனாவிலோ பல பல்கலைக்கழகங்களின் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 25 ஆயிரம் முதல் 50 ஆயிரம் யுவான் வரை. ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய் என்று வைத்தால், 3 முதல் 6 லட்சம் ரூபாய். "இங்க ரெண்டு வருஷம் கட்டுற ஃபீஸ்ல அங்க முழுப் படிப்பையும் முடிச்சிடலாம் சார்" என்ற வாதம் எடுபடுவது இதனால்தான்.

ஏன் சீனா?

சீன அரசு 2007-ல் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கில வழி மருத்துவப் படிப்புக்குத் தர விதிகளை வகுத்தது. எந்தெந்தப் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை நடத்தலாம் என்று பட்டியலும் போட்டது. அந்தப் பட்டியல் பிறகு 45 பல்கலைக்கழகங்களாக வளர்ந்தது. வூஹான், ஃபுடான், ஷெஜியாங், சிச்சுவான், ஜிலின், சிங்டாவ் போன்றவை இதில் உண்டு.

ஐந்து வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், மொத்தம் ஆறு வருஷம். பெரிய மருத்துவமனைகள், நவீனக் கருவிகள், வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல். நன்கொடை என்ற பேச்சு இல்லை. கொரோனாவுக்கு முன் சீனாவில் படித்த இந்திய மாணவர்கள் 23 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலானோர் மருத்துவ மாணவர்கள்.

இறங்கிய முதல் நாள் முதல்...

சீனாவில் நீண்ட காலம் படிக்கப் போகும் மாணவருக்கு 'எக்ஸ் 1' என்ற விசா தருவார்கள். அது உள்ளே நுழைய மட்டும்தான். போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தங்கும் முகவரியைப் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அபராதம் வரும்.

அடுத்த அதிர்ச்சி செல்போனில். கூகுள், யூடியூப், வாட்ஸ்அப் எதுவும் அங்கே நேரடியாக வேலை செய்யாது. எல்லாமே வீசாட்தான். வகுப்பு அறிவிப்பு வருவதும், கேன்டீனில் பணம் கட்டுவதும், வாத்தியாரிடம் சந்தேகம் கேட்பதும் அதில்தான். வீட்டில் அம்மாவின் போனிலும் வீசாட் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பல பிள்ளைகள் கிளம்பினார்கள்.

சாப்பாட்டைச் சமாளித்துவிடலாம். ஹாஸ்டலில் ரைஸ் குக்கர், ஊரிலிருந்து கொண்டுபோன சாம்பார்ப் பொடி, நாலு பேர் சேர்ந்து சமையல். வடக்கே சாங்சுன் போன்ற ஊர்களில் மைனஸ் 20 டிகிரிக்குப் போகும் குளிரும் ஓரிரு வருஷத்தில் பழகிவிடும். பழகாதது மொழி.

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால், நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். மூன்றாம் ஆண்டுக்கு மேல் வார்டுக்குப் போகும் மாணவர், "எங்க வலிக்குது? எத்தனை நாளா? முன்னாடி ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?" என்று சீனத்தில்தான் கேட்க வேண்டும். வயதான நோயாளிகள் மாண்டரின்கூடப் பேசாமல் வட்டார வழக்கில் பதில் சொல்வார்கள். கேஸ் ஷீட் முழுக்கச் சீன எழுத்து.

இதனால்தான், வேற்று மொழி வழியில் இளநிலைப் பட்டம் படிக்கும் வெளிநாட்டு மாணவரும் ஹெச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலையை எட்டியிருக்க வேண்டும் என்று சீனக் கல்வி அமைச்சகம் 2018-ல் விதி கொண்டுவந்தது. அந்த நிலைக்கு ஏறக்குறைய 1,200 சொற்கள் தெரிய வேண்டும். அனாட்டமியோடு சேர்த்து இதையும் படிப்பவர்தான் வார்டில் ஏதாவது கற்றுக்கொள்கிறார். மற்றவர்கள் டாக்டருக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள்.

2020 ஜனவரி: எல்லாம் மாறிய மாதம்

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியே ஒரு மருத்துவ மாணவிதான். வூஹானில் படித்துக்கொண்டிருந்தவர். கேரளத்துக்கு விடுமுறையில் திரும்பியிருந்த அவருக்குத் தொற்று இருப்பது 2020 ஜனவரி 30 அன்று உறுதியானது.

அடுத்த நாளே ஏர் இந்தியா விமானம் டெல்லியிலிருந்து வூஹானுக்குப் பறந்தது. பிப்ரவரி 1 அன்று 324 பேரோடு திரும்பியது. அவர்களில் 211 பேர் மாணவர்கள். 50-க்கும் மேற்பட்டோர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். மறுநாள் இரண்டாவது விமானத்தில் மேலும் 323 இந்தியர்கள். அவர்கள் மானேசரிலும் டெல்லி சாவ்லாவிலும் இருந்த முகாம்களில் தனிமைப்படுத்தப்பட்டனர்.

வூஹானில் இல்லாத மற்ற மாணவர்கள் கிடைத்த விமானத்தில் ஊர் திரும்பினார்கள். சீனப் புத்தாண்டு விடுமுறை என்பதால் ஏற்கெனவே ஊரில் இருந்தவர்களும் உண்டு. "ரெண்டு மாசத்துல திரும்பிடலாம்" என்று ஒரே ஒரு பேக்குடன் வந்தவர்கள் பலர். புத்தகம், குளிர்க் கோட்டு, ரைஸ் குக்கர் எல்லாம் ஹாஸ்டல் அறையிலேயே இருந்தன.

மார்ச் மாதத்துக்குள் சென்னையிலும் நிலைமை மாறியது. வெளிநாட்டிலிருந்து விமான நிலையத்தில் இறங்கியவர்களைத் தனிமைப்படுத்தப் பயன்பட்ட இடங்களில் ஒன்று, பூந்தமல்லியில் இருக்கும் பொது சுகாதார நிறுவனம். சுகாதார ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த அரசு நிறுவனத்தின் பெயர், அந்த வாரங்களில் தினமும் செய்தியில் அடிபட்டது.

மார்ச் 28 அன்று சீனா கதவைச் சாத்தியது. செல்லுபடியாகும் விசா, வசிப்பு அனுமதி வைத்திருந்த வெளிநாட்டவரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. இந்திய மாணவர்களுக்கு மீண்டும் விசா கொடுக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்ட் 24 அன்றுதான். இடையில் போனது இரண்டு வருஷம் ஐந்து மாதம்.

பெட்ரூமில் நடந்த வகுப்பு

படிப்பு ஆன்லைனுக்கு மாறியது. சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 8 மணி வகுப்பு என்றால் இங்கே விடிகாலை 5.30. வீட்டில் பால் வாங்கும் நேரத்தில் பிள்ளை பார்மகாலஜி வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்த அடி ஜூன் 29 அன்று விழுந்தது. கல்வான் மோதலுக்குப் பிறகு இந்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே பட்டியலில் வீசாட்டும் இருந்தது. வகுப்பு அறிவிப்பும் அசைன்மென்ட்டும் எதில் வந்ததோ, அதே செயலி. நவம்பரில் வந்த அடுத்த பட்டியலில், ஆன்லைன் வகுப்புக்குப் பயன்பட்ட டிங்டாக் செயலியும் போனது.

பாடத்தை எப்படியோ கேட்டுவிடலாம், தேர்வையும் எழுதிவிடலாம். வார்டுக்கு என்ன செய்வது? நாடி பிடித்துப் பார்ப்பது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது எதையும் லேப்டாப்பில் கற்றுக்கொள்ள முடியாது. சீனப் பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுத்தன. அந்தப் பட்டத்தை இந்தியா எப்படிப் பார்க்கும் என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

சென்னையில் தொடங்கிய வழக்கு

சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில் உள்ள சிங்டாவ் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்கள் சிலர் கடைசி செமஸ்டரை ஆன்லைனில் முடித்துப் பட்டம் பெற்றார்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்விலும் தேறினார்கள். அடுத்து வேண்டியது இன்டர்ன்ஷிப் செய்ய மாநில மருத்துவ கவுன்சிலின் தற்காலிகப் பதிவு. அது கிடைக்கவில்லை. நேரில் எடுக்க வேண்டிய கிளினிக்கல் பயிற்சி முழுமை அடையவில்லை என்பது காரணம்.

அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். விடுபட்ட பயிற்சிக்காக இரண்டு மாதம் சேர்த்து, ஓராண்டு இன்டர்ன்ஷிப்புடன் பதிவு செய்யும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. தேசிய மருத்துவ ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

2022 ஏப்ரல் 29 அன்று நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி. ராமசுப்பிரமணியன் அமர்வு தீர்ப்பு சொன்னது. தீர்ப்பில் இரண்டு பக்கம் இருந்தது. ஒன்று, நேரடிக் கிளினிக்கல் பயிற்சி முடிக்காதவரைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. கைப்பழக்கம் இல்லாத ஒருவரிடம் நோயாளியை ஒப்படைக்க முடியாது என்பது அதன் சாரம். இரண்டு, மாணவர்கள் தங்கள் தவறால் இந்த நிலைக்கு வரவில்லை. எனவே, இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் அந்தப் பயிற்சியை முடிக்க ஒருமுறை ஏற்பாடாக இரண்டு மாதத்தில் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையத்துக்கு உத்தரவிட்டது.

இதன் விளைவு 2022 ஜூலை 28 அன்று வந்த சுற்றறிக்கை. கொரோனாவாலோ உக்ரைன் போராலோ திரும்பிய இறுதியாண்டு மாணவர்கள் 2022 ஜூன் 30-க்குள் படிப்பை முடித்த சான்று பெற்றிருந்தால், தகுதித் தேர்வு எழுதலாம். ஆனால், இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம்.

அப்போது இறுதியாண்டில் இல்லாதவர்களின் பிரச்சினை தொடர்ந்தது. 2023 மார்ச்சில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு ஏற்பாட்டைச் சொன்னது. இந்தியக் கல்லூரி எதிலும் சேராமலே எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வின் இரண்டு பகுதிகளையும் எழுத ஒரே ஒரு வாய்ப்பு, தேறினால் இரண்டு வருஷ இன்டர்ன்ஷிப். அதன் பிறகு 2023 டிசம்பரிலும் 2024-லும் மேலும் சுற்றறிக்கைகள் வந்தன. ஆன்லைனில் படித்த காலத்தைப் பொறுத்து இன்டர்ன்ஷிப் இரண்டு வருஷமா, மூன்று வருஷமா என்ற கேள்வியோடு பல மாநிலங்களில் மாணவர்கள் போராட்டம் நடத்தினார்கள்.

தங்களோடு +2 படித்து இங்கே சீட் வாங்கியவர்கள் டாக்டராகி மேற்படிப்புக்குப் போய்விட்ட நேரத்தில், இவர்கள் அடுத்த சுற்றறிக்கை என்ன சொல்லுமோ என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொரோனா முடிஞ்சாச்சு. இப்ப என்ன பிரச்சினை?

"அது ஒரு அசாதாரணக் காலம், இனிமே அப்படி நடக்காது" என்று சொல்லலாம். உண்மைதான். 2023 ஜனவரியில் சீனா தனிமைப்படுத்தும் விதியைக் கைவிட்டது. 2025 அக்டோபரில் இந்தியா - சீனா நேரடி விமானங்களும் மீண்டும் தொடங்கின. ஆனால், அந்த மாணவர்களைச் சிக்கவைத்த அடிப்படை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பட்டம் வேறு, உரிமம் வேறு. பட்டத்தைச் சீனப் பல்கலைக்கழகம் கொடுக்கும். இங்கே வைத்தியம் பார்க்கும் உரிமையை இந்தியாதான் கொடுக்கும்.

அதற்கான விதிகள் கடுமையாகியிருக்கின்றன. 2021 நவம்பர் 18 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி, அதற்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்தவர்களுக்கான முக்கிய நிபந்தனைகள் இவை:

• படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கில வழியில் இருக்க வேண்டும்.

• அதே வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும்.

• பட்டம் தரும் நாட்டில், அந்த நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி வேண்டும்.

• இந்தியத் தகுதித் தேர்வில் தேறி, இங்கேயும் 12 மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும்.

• சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரையில் இதை வெளிப்படையாகவே சொன்னது. 2021 நவம்பருக்குப் பிறகு சீனாவில் சேர்ந்தவர், அங்கே டாக்டராகப் பணியாற்றும் உரிமம் பெறவில்லை என்றால் எஃப்.எம்.ஜி.இ. எழுதவே முடியாது.

சீனாவின் உரிமத் தேர்வு சீன மொழியில் நடப்பது. அங்கே இளநிலை மருத்துவப் பட்டம் பெற்றவர் ஒரு மருத்துவமனையில் ஓராண்டு மேற்பார்வையில் வேலை பார்த்த பிறகே அதை எழுதலாம் என்பது சட்டம். 'இங்கிலீஷ் மீடியம்' என்று நம்பிப் போனவருக்கு, கடைசியில் சீன மொழியில்தான் பரீட்சை.

நூற்றுக்குப் பதினாறு

எஃப்.எம்.ஜி.இ. 2002-ல் தொடங்கிய தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

அதே தூதரக அறிவுரை கொடுத்த எண் இது: 2015 முதல் 2021 வரை, அங்கீகரிக்கப்பட்ட அந்த 45 சீனப் பல்கலைக்கழகங்களில் படித்து இந்தத் தேர்வை எழுதிய இந்தியர்கள் 40,417 பேர். தேறியவர்கள் 6,387 பேர். அதாவது 16 சதவீதம். நூறு பேரில் 84 பேருக்கு அந்தத் தேர்வு கதவைத் திறக்கவில்லை. ஒருவரே பல முறை எழுதுவதும் இந்த எண்ணிக்கையில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால், பல முறை எழுதுவது என்றால் பல வருஷம் போகிறது என்றுதானே அர்த்தம்?

ஏன் இவ்வளவு குறைவு? மாணவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்பது பதில் இல்லை. இந்தத் தேர்வு இந்தியப் பாடத்திட்டத்தை ஒட்டியது. இங்கே ஒரு பி.ஜி. மருத்துவர் தினமும் பார்க்கும் டெங்கு, காசநோய், பாம்புக்கடி, இந்தியாவின் தேசிய சுகாதாரத் திட்டங்கள், தடுப்பூசி அட்டவணை எல்லாம் அதில் வரும். சீனப் பாடத்தில் இவற்றுக்கு இவ்வளவு இடம் இருக்காது. வார்டில் மொழி தெரியாமல் நின்ற வருஷங்களின் இழப்பும் சேர்கிறது. அதனால்தான் திரும்பி வந்தவர்கள் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தனியாகக் கோச்சிங் போகிறார்கள். அந்தச் செலவு எந்த ஏஜென்ட்டின் கணக்குத் தாளிலும் இருப்பதில்லை.

இந்தத் தேர்வுக்குப் பதிலாக 'நெக்ஸ்ட்' என்ற பொதுத் தேர்வு வரும் என்று அறிவிக்கப்பட்டது. 2023 ஜூலையில் அது தள்ளிவைக்கப்பட்டது.

இ.எம்.ஐ. முந்துமா, டாக்டர் பட்டம் முந்துமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 வயதில் ஒரு மாணவி 2026 செப்டம்பரில் சீனாவில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிலும் தடங்கல் இல்லை, எல்லாத் தேர்விலும் முதல் முறையே பாஸ்.

2032 நடுவில் பட்டம். சீன உரிமத்துக்கு ஒரு வருஷம், அதாவது 2033. அந்த டிசம்பரிலோ அடுத்த ஜூனிலோ எஃப்.எம்.ஜி.இ. பிறகு இங்கே ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். முழுப் பதிவு கிடைக்கும்போது 2035. வயது 27. இங்கே எம்.பி.பி.எஸ். முடிக்க ஐந்தரை வருஷம்தான்.

இன்டர்ன்ஷிப்புக்கும் வரிசை உண்டு. ஒரு மருத்துவக் கல்லூரி தனது மொத்த இடங்களில் 7.5 சதவீதம் வரைதான் வெளிநாட்டில் படித்தவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கலாம். நூறு சீட் கல்லூரியில் ஏழு பேர். இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது கடனைப் பார்ப்போம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்துப் பத்திரம் வைக்க வேண்டும். ஆறு வருஷக் கட்டணம், ஹாஸ்டல், விமானச் செலவு எல்லாம் சேர்ந்தால் 7.5 லட்சத்தில் எப்படி அடங்கும்? ஆகவே, திருமுல்லைவாயலில் பாதி வாழ்க்கை உழைத்துக் கட்டிய வீட்டின் பத்திரம் வங்கி லாக்கருக்குப் போகிறது.

படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும்தான் தவணைக்கு விடுப்பு. நம் கணக்குப்படி இ.எம்.ஐ. 2033 நடுவில் தொடங்கும். அந்த மாணவி அப்போது இந்தியத் தகுதித் தேர்வே எழுதியிருக்க மாட்டார். எல்லாம் நன்றாக நடந்தாலே முதல் சம்பளத்துக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் முன்பே தவணை வந்துவிடுகிறது. ஒரு முறை ஃபெயிலானால் இடைவெளி இன்னும் நீளும். அதைக் கட்டப்போவது ஓய்வுக்கு நெருங்கும் அப்பாவின் சம்பளம்.

அப்போ போகவே கூடாதா?

அப்படி இல்லை. அந்த 6,387 பேரும் சீனாவில் படித்தவர்கள்தான். நல்ல பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் ஆண்டிலேயே சீன மொழியைப் பிடித்து, இரண்டாம் ஆண்டிலிருந்து இந்தியப் பாடப் புத்தகங்களையும் சேர்த்துப் படித்தவர்கள் தேறி வந்து வேலை பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு போவதுதான் ஆபத்து.

அட்வான்ஸ் கட்டும் முன் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது:

• சேரப்போகும் பல்கலைக்கழகம் அந்த 45 பட்டியலில், இந்த ஆண்டுக்கான ஆங்கில வழி மருத்துவப் படிப்புக்கு இருக்கிறதா? சீனக் கல்வி அமைச்சகத்தின் பட்டியலையும் பெய்ஜிங் இந்தியத் தூதரகத்தின் தளத்தையும் நேரில் பார்க்க வேண்டும். ஏஜென்ட் காட்டும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

• 12 மாத இன்டர்ன்ஷிப்பும் அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையிலேயே நடக்குமா? "கடைசி வருஷம் இந்தியாவுல பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

• அங்கே படித்த இந்தியர்கள் சீன உரிமத் தேர்வு எழுத அந்தப் பல்கலைக்கழகம் என்ன ஏற்பாடு செய்கிறது?

• அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் எஃப்.எம்.ஜி.இ. தேர்ச்சி எவ்வளவு? தேர்வு வாரியம் கல்லூரிவாரியாகப் புள்ளிவிவரம் வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

• ஆன்லைன் வகுப்பு ஏதாவது உண்டா? முழுக்க ஆன்லைனில் முடித்த மருத்துவப் படிப்பை ஏற்க முடியாது என்று 2022 பிப்ரவரியிலேயே ஆணையம் அறிவித்துவிட்டது.

• நீட் மார்க் வெளிநாட்டுச் சேர்க்கைக்கு மூன்று ஆண்டுதான் செல்லும். ஓராண்டு இங்கேயே மீண்டும் எழுதிப் பார்க்க இடம் இருக்கிறதா?

கடைசிக் கேள்வி திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதல் பொருத்தம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. ஆவடியிலிருந்து புறநகர் ரயிலில் போய்விடலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. ஒரு வருஷம் கூடுதலாகப் படித்து இங்கே சீட் வாங்கினாலும், மேலே போட்ட கணக்குப்படி அந்த மாணவி 27 வயதுக்கு முன்பே டாக்டர் ஆகிவிடுவார். வீட்டுப் பத்திரமும் வீட்டிலேயே இருக்கும்.

அது முடியாதபோது சீனா ஒரு வழிதான். ஆனால், அந்த வழிக்கான பட்ஜெட்டை ஆறு வருஷத்துக்குப் போடக் கூடாது. ஒன்பது வருஷத்துக்குப் போட வேண்டும்.